இரண்டேகால் கோடி ரெய்டர்... ஏமாந்ததா தமிழ் தலைவாஸ்?

பவன் ஷெராவத்தை 2022-ல் 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்தது தமிழ் தலைவாஸ். மூன்று வருஷம் கழித்து அவரையே 59.5 லட்சத்துக்குத் திரும்ப எடுத்தது. இரண்டு தடவையும் அவர் சீசனை முடிக்கவில்லை. தப்பு விலையிலா, வாங்கிய கையிலா? காசிமேடு ஏலக்கூடம் முதல் பெரியமேடு ஸ்டேடியம் வரை ஓர் அலசல்.

2022 அக்டோபர் 8. பெங்களூரு கண்டீரவா உள்ளரங்கம். புரோ கபடி ஒன்பதாவது சீசனில் தமிழ் தலைவாஸுக்கு அது முதல் மேட்ச். எதிரே குஜராத் ஜெயன்ட்ஸ். லீக் வரலாற்றில் முதன்முறையாக இரண்டு கோடியைத் தாண்டிய வீரர், தலைவாஸ் கேப்டனாக நிற்கிறார்.

ரெய்டு போய்ப் புள்ளி எடுக்கத்தான் அவருக்கு அந்த விலை. ஆனால் கபடியில் ரெய்டர் என்றால் பாடிவிட்டு வந்து ஓரமாக உட்கார முடியாது. திரும்பி வந்த மறுநிமிஷமே பிடிக்கிற வரிசையில் கைகோத்து நிற்க வேண்டும். அப்படி நின்று, பாடி வந்த குஜராத் ஆளை மடக்கப் போன இடத்தில் பவனின் முழங்கால் போய்விட்டது. முதல் பாதிகூட முடியவில்லை. மேட்ச் 31-31 என டை ஆனது. அந்த சீசனில் பவன் திரும்ப மேட்டில் இறங்கவே இல்லை.

அன்றைக்குக் கிளம்பிய கேள்வி இன்னும் ஓயவில்லை. ராயபுரம் டீக்கடையிலும் திருவொற்றியூர் தேரடியிலும் கபடி பேசும் யாரைக் கேட்டாலும், சுற்றி வளைத்து அங்கேதான் வந்து நிற்பார்கள். ‘ஒரு ஆளுக்கு அவ்வளவு கொட்டணுமா?’

விடை சொல்வதற்கு முன், ஏலம் என்றால் என்னவென்று தெரிந்த ஊரில் அதை வைத்துப் பார்க்கலாம்.

செவுளைத் தூக்கிப் பார்!

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடிவதற்கு முன்பே ஏலம் சூடுபிடித்துவிடும். விசைப்படகிலிருந்து கூடை கூடையாக இறங்கும் வஞ்சிரம், சங்கரா, கடம்பா எல்லாம் ஈரத் தரையில் குவியலாகக் கிடக்கும். சுற்றி வியாபாரிகள். ஒருவர் குனிந்து செவுளைத் தூக்கிப் பார்ப்பார். ரத்தச் சிவப்பாக இருந்தால் ஒரு விலை, வெளுத்திருந்தால் வேறு விலை. இன்னொருவர் வயிற்றை விரலால் அழுத்திப் பார்ப்பார். குவியலுக்கு அடியில் இருப்பது எப்படி என்பது எல்லோருக்கும் ஊகம்தான். ஏலம் கூவுகிறவரின் குரல் ஏற ஏற, ஒவ்வொருவராகக் கழன்றுகொள்வார்கள். கடைசியில் நிற்பவருக்கு மீன்.

கடைசியில் நிற்பவர் யார் என்று யோசித்தால் ஏலத்தின் சூட்சுமம் புரியும். பத்துப் பேர் ஊகித்ததில் ஆக அதிகமாக ஊகித்தவர் அவர்தான். மற்ற ஒன்பது பேரும் ‘இவ்வளவு பெறாது’ என்று விலகிய விலையில் அவர் வாங்குகிறார். இதை ‘ஜெயித்தவரின் சாபம்’ என்று முதலில் கணக்குப் போட்டு எழுதியவர்கள் எண்ணெய்க் கம்பெனிப் பொறியாளர்கள். கேப்பன், கிளாப், கேம்பெல் என்ற மூவர், 1971-ல். கடலுக்கடியில் எண்ணெய் எடுக்கும் உரிமையை ஏலத்தில் பிடித்த கம்பெனிகளுக்கு எதிர்பார்த்த லாபம் ஏன் வருவதில்லை என்பது அவர்கள் கேள்வி. ஏலத்தில் ஜெயித்ததே, நாம் அதிகம் மதிப்பிட்டுவிட்டோம் என்பதற்கு அடையாளமாக இருக்கலாம் என்பது அவர்கள் கண்ட விடை.

பவன் விஷயத்தில் தலைவாஸ் செவுளைப் பார்க்காமல் வாங்கியதா? அப்படிச் சொல்ல முடியாது. 2018-19 சீசனில் பெங்களூரு புல்ஸ் கோப்பையை வென்றபோது அவர் எடுத்தது 271 ரெய்டு புள்ளிகள். இறுதிப் போட்டியில் மட்டும் 22. அடுத்த சீசனில் 346. ஹரியானா ஸ்டீலர்ஸுக்கு எதிரான ஒரே மேட்சில் 39 புள்ளி எடுத்தது லீக் சாதனை. எட்டாவது சீசனில் 304. மூன்று சீசன், மூன்றிலும் குறையாத ஆட்டம். சந்தையில் அப்போது அவரைவிட உறுதியான சரக்கு கிடையாது. முந்தைய வருஷம் பர்தீப் நர்வாலுக்கு யு.பி. யோதா கொடுத்த 1.65 கோடிதான் அதுவரை உச்சம். அதைத் தாண்டி பவன் போவார் என்பது ஏல அரங்கில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

ஆக, ஆளை எடைபோட்டதில் கோளாறு இல்லை. முழங்கால் போனது விதி. அதை வைத்து ‘ஏமாந்தார்கள்’ என்று தீர்ப்பு எழுதினால், அடுத்த வாரம் மழை வந்தது என்பதற்காக இந்த வாரம் குடை வாங்காதவனைத் திட்டுவது போலாகும். ஒரு விலை சரியா தப்பா என்பதை, ஏலத்தன்று கையிலிருந்த தகவலையும் பையிலிருந்த பணத்தையும் வைத்துத்தான் பார்க்க வேண்டும். தலைவாஸின் பையைத் திறந்தால்தான் சிக்கல் தெரிகிறது.

பாதிப் பணம் ஒரே ஆளுக்கு

2022-ல் ஓர் அணி தன் வீரர்கள் அத்தனை பேருக்கும் சேர்த்துச் செலவழிக்கக் கூடிய தொகை 4.4 கோடி. பவனுக்குப் போனது 2.26 கோடி. அதாவது 51 சதவிகிதம். அணியில் குறைந்தது 18 பேர் இருக்க வேண்டும் என்பது விதி. மிச்சமிருந்த 2.14 கோடியை 17 பேருக்குப் பிரித்தால் தலைக்கு சுமார் 12.6 லட்சம். மேட்டில் ஏழு பேர் ஆடும் விளையாட்டில், ஒருவர் அரைப் பங்கு எடுத்துக்கொள்ள, மற்ற ஆறு பேரும் வெளியில் காத்திருப்பவர்களும் இன்னோர் அரைப் பங்கில் அடங்க வேண்டும்.

இது எவ்வளவு பெரிய பங்கு என்பது வேறு விளையாட்டுகளைப் பார்த்தால் விளங்கும். ஐ.பி.எல். வரலாற்றிலேயே அதிக விலை ரிஷப் பந்த்துக்கு லக்னோ கொடுத்த 27 கோடி. அணியின் மொத்தப் பணமான 120 கோடியில் அது 22.5 சதவிகிதம்தான். அமெரிக்காவில் கையால் பந்தெறிந்து ஆடும் ஃபுட்பாலில் ‘குவார்ட்டர்பேக்’ என்றொரு இடம் உண்டு. ஒவ்வொரு ஆட்டமும் அவர் கையிலிருந்துதான் தொடங்கும். அவருக்கு அதிகம் கொடுத்துவிட்டோமா என்று அந்த ஊரில் வருஷம் முழுக்கப் பட்டிமன்றம் நடக்கிறது. 2024-ல் டாலஸ் அணி டாக் பிரெஸ்காட்டுக்கு வருஷத்துக்குச் சராசரியாக 6 கோடி டாலர் என்று ஒப்பந்தம் போட்டதும் ஊரே வாயைப் பிளந்தது. அந்த வருஷ அணிச் சம்பள வரம்பான 25.5 கோடி டாலரில் அது நாலில் ஒரு பங்குகூட இல்லை.

கபடியில் மட்டும் ஏன் பாதி? முதல் ரெய்டரின் இடம் அப்படி. ஒரு ரெய்டுக்கு முப்பது விநாடி. அவர் தொட்டு வரும் ஒவ்வொரு புள்ளிக்கும் வெளியில் உட்கார்ந்திருக்கும் நம் ஆள் ஒருவர் உள்ளே வருவார். அவர் பிடிபட்டு வெளியே போய்விட்டால், யாராவது புள்ளி எடுத்து அவரை மீட்கும்வரை அணி கை ஒடிந்து நிற்கும். தொடர்ந்து இரண்டு ரெய்டு வெறுமனே போனால் மூன்றாவது ‘டூ ஆர் டை’. புள்ளி எடு, இல்லை வெளியே போ. அந்த நெருக்கடியில் அனுப்ப நம்பகமான கால் வேண்டும். அப்படிப்பட்ட கால்கள் நாட்டில் எண்ணிப் பத்துகூட இல்லை. வாங்க நிற்பதோ 12 அணிகள். விலை ஏறாமல் என்ன செய்யும்?

ஏறட்டும். ஆனால் அந்த விலையைக் கொடுத்த பிறகு, அந்த ஒரு கால் ஆடாவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் பையில் ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும். தலைவாஸ் பையில் அப்படி எதுவும் திட்டமிட்டு வைக்கப்படவில்லை. வந்து சேர்ந்தது அதிர்ஷ்டம்.

அவர் இல்லாத வருஷம்தான் அரையிறுதி

அதிர்ஷ்டத்தின் பெயர் நரேந்தர். அதுவரை புரோ கபடியில் ஒரு மேட்ச்கூட ஆடாத ஹரியானா பையன். பவன் விழுந்ததும் முதல் ரெய்டர் பொறுப்பு அவர் தலையில் வந்து விழுந்தது. தொடக்கத்தில் அணி தடுமாறியது. நடுவில் பயிற்சியாளர் உதயகுமார் போய் அஷன்குமார் வந்தார். பிறகு வண்டி ஓட ஆரம்பித்தது. சீசன் முடிவில் நரேந்தர் கணக்கில் 243 ரெய்டு புள்ளிகள். அறிமுக சீசனில் அதுவரை யாரும் அவ்வளவு எடுத்ததில்லை. இன்னொரு பக்கம் அஜிங்க்ய பவார் ரெய்டு போனார். சாகர், சாஹில் குலியா, ஹிமான்ஷு போன்ற இளைஞர்கள் பிடித்தார்கள். ஐந்தாம் இடம் பிடித்த தலைவாஸ், எலிமினேட்டரில் யு.பி. யோதாஸை டைபிரேக்கரில் சாய்த்து, அரையிறுதியில் புனேரி பல்தானிடம் 37-39 என்று இரண்டே புள்ளியில் தோற்றது.

2017-ல் லீக்கில் நுழைந்த தலைவாஸ் அரையிறுதியை எட்டிப் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அதற்கு முன் 2019-ல் அஜய் தாக்கூர், 94 லட்சத்துக்கு வந்த ராகுல் சௌத்ரி, மஞ்சீத் சில்லர் என்று சுவரொட்டி கொள்ளாத நட்சத்திரங்களை வைத்துக்கொண்டு கடைசி இடத்தில் முடித்த அணி இது. நட்சத்திரம் இருந்தபோது கடைசி. நட்சத்திரம் படுத்தபோது அரையிறுதி.

இதிலிருந்து ‘நட்சத்திரமே வேண்டாம்’ என்று முடிவு கட்டுவது சுலபம். சுலபமான முடிவு, தப்பான முடிவு. பவன் மேட்டில் இருந்து, நரேந்தர் இரண்டாவது ரெய்டராக ஆடியிருந்தால் அந்த இரண்டு புள்ளி வந்திருக்கும் என்று எதிர்த் தரப்பு வாதிடலாம். அதை மறுக்க யாரிடமும் ஆதாரம் இல்லை. சென்னை சூப்பர் கிங்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022-ல் 14 கோடிக்கு எடுத்த தீபக் சஹார் காயத்தால் ஒரு மேட்ச்கூட ஆடவில்லை. அணி ஒன்பதாவது இடம். 2023-ல் 16.25 கோடிக்கு எடுத்த பென் ஸ்டோக்ஸ் ஆடியது இரண்டே மேட்ச். அணி கோப்பையைத் தூக்கியது. விலை உயர்ந்த ஆள் ஆடாமல் போவது மட்டுமே ஓர் அணியை மூழ்கடிப்பதில்லை. பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதில்தான் மிச்சக் கதை.

அதே விலை... வேறு முடிவு

அடுத்தடுத்த ஏலங்கள் இதைத் தெளிவாக்குகின்றன.

2023 ஏலத்தில் தலைவாஸ் விடுவித்த பவனை தெலுங்கு டைட்டன்ஸ் 2.605 கோடிக்கு எடுத்தது. வரம்பு அப்போது 5 கோடி. பங்கு 52 சதவிகிதம். பவன் முழு சீசன் ஆடினார். 202 ரெய்டு புள்ளி எடுத்தார். அணியோ 22 மேட்சில் இரண்டு மட்டும் ஜெயித்துக் கடைசி இடம். காயம் இல்லை, ஃபார்ம் போகவில்லை. ஆனால் அவர் புள்ளி எடுத்த வேகத்தைவிட அணி புள்ளி கொடுத்த வேகம் அதிகம். ‘தலைவாஸுக்கு அதிர்ஷ்டம் இல்லை, அவ்வளவுதான்’ என்பவர்கள் டைட்டன்ஸ் கணக்கைப் பார்க்க வேண்டும்.

அதே ஏலத்தில் ஈரானின் முகமதுரேசா ஷாட்லூயியை புனேரி பல்தான் 2.35 கோடிக்கு எடுத்தது. 47 சதவிகிதம். சாம்பியன் ஆனது. காரணம், புனே கையில் ஏற்கெனவே அஸ்லம் இனாம்தார், மோஹித் கோயத் போன்றவர்கள் இருந்தார்கள். சொந்தப் பட்டறையில் வளர்த்த, விலை ஏறாத பையன்கள். அவர்கள் ரெய்டைப் பார்த்துக்கொள்ள, பிடியும் தெரிந்து ரெய்டும் தெரிந்த ஷாட்லூயி மேலே வந்து சேர்ந்தார். முதலில் அணி, பிறகு நட்சத்திரம் என்ற வரிசை.

2024-ல் தலைவாஸ் மறுபடி ஏலத்தின் உச்ச விலையைக் கொடுத்தது. சச்சின் தன்வருக்கு 2.15 கோடி. 43 சதவிகிதம். கிடைத்தது ஒன்பதாவது இடம். அந்த வருஷம் 2.07 கோடிக்கு ஷாட்லூயியை எடுத்த ஹரியானா ஸ்டீலர்ஸ் சாம்பியன். ‘அப்படியானால் ஷாட்லூயிதான் மந்திரக்கோல்’ என்று நினைத்த குஜராத், 2025-ல் அவருக்கு 2.23 கோடி கொடுத்தது. முதல் எட்டு இடத்துக்குள்கூட வரவில்லை. தேவாங்க் தலாலுக்கு 2.205 கோடி கொடுத்த பெங்கால் வாரியர்ஸும் வரவில்லை.

ஒரே பார்வையில்: விலையும் விளைவும்

2022: பவன், தமிழ் தலைவாஸ், 2.26 கோடி (51%). ஐந்தாம் இடம், அரையிறுதி.
2023: பவன், தெலுங்கு டைட்டன்ஸ், 2.605 கோடி (52%). கடைசி இடம்.
2023: ஷாட்லூயி, புனேரி பல்தான், 2.35 கோடி (47%). சாம்பியன்.
2024: சச்சின் தன்வர், தமிழ் தலைவாஸ், 2.15 கோடி (43%). ஒன்பதாம் இடம்.
2024: ஷாட்லூயி, ஹரியானா ஸ்டீலர்ஸ், 2.07 கோடி (41%). சாம்பியன்.
2025: ஷாட்லூயி, குஜராத் ஜெயன்ட்ஸ், 2.23 கோடி (45%). முதல் எட்டுக்கு வெளியே.
2025: அஷு மாலிக், தபாங் டெல்லி, 1.90 கோடி (38%). சாம்பியன்.

பாதியைத் தாண்டிக் கொடுத்த இரண்டு பேரில் யாரும் இறுதிப் போட்டியைக்கூடப் பார்க்கவில்லை. பாதிக்குக் கீழே நிறுத்தியவர்களில் ஜெயித்தவர்களும் உண்டு, தோற்றவர்களும் உண்டு. ஏழு கொள்முதல்களை வைத்து விதி எழுத முடியாது. ஆனால் ‘பாதி’ என்பது கோடு என்று சந்தேகப்பட இது போதும்.

59.5 லட்சத்துக்கு வந்த அதே பவன்

2025 ஏலம் தலைவாஸுக்குப் புத்தி வந்ததைக் காட்டியது. ஜெய்ப்பூரைச் சாம்பியனாக்கிய அர்ஜுன் தேஷ்வாலை 1.405 கோடிக்கு எடுத்தது. விலை சரிந்திருந்த பவனை 59.5 லட்சத்துக்கு எடுத்தது. இருவருக்கும் சேர்த்துச் சரியாக 2 கோடி. 2022-ல் ஒரு பவனுக்குக் கொடுத்ததைவிடக் குறைவு; இடையில் வரம்பும் 60 லட்சம் கூடியிருந்தது. லீக்கின் மிகச் சிறந்த இரண்டு ரெய்டர்கள், மொத்தப் பணத்தில் 40 சதவிகிதத்துக்கு. காகிதத்தில் இதைவிடக் கெட்டிக்கார ஏலம் அமையாது.

சீசன் நடுவில் ஒழுங்கு நடவடிக்கை என்று சொல்லிப் பவனை அணி வீட்டுக்கு அனுப்பியது. அவர் குற்றச்சாட்டை மறுத்தார். கேப்டன் பொறுப்பு அர்ஜுனிடம் போனது. தலைவாஸ் முதல் எட்டுக்குள் வரவில்லை. யார் பக்கம் நியாயம் என்பது வேறு விஷயம். நம் கேள்விக்கு இது சொல்லும் பதில் ஒன்றே: விலை குறைந்ததும் பிரச்னை தீரவில்லை. அதிக விலைக்கு வாங்கியபோது தடுமாறிய அணி, மலிவாக வாங்கியபோதும் தடுமாறியது. அப்படியானால் ஏல மேஜையைத் தாண்டி வேறெங்கோ ஓட்டை இருக்கிறது.

பசியோடு ஏலத்துக்குப் போகாதே!

காசிமேட்டில் அதிக விலை கொடுப்பவர் யார்? காலை பத்து மணிக்குள் ஹோட்டலுக்குச் சரக்கு இறக்கியே ஆக வேண்டும் என்று ஒப்புக்கொண்டு வந்தவர். ஐஸ் பெட்டியில் நேற்றைய சரக்கு கொஞ்சம் வைத்திருப்பவர் நிதானமாக நிற்பார். விலை ஏறினால் கைகட்டிக்கொள்வார். தலைவாஸ் ஒவ்வொரு வருஷமும் முதல் வகை வியாபாரியாகவே ஏலத்துக்குப் போகிறது. நரேந்தரை விட்டால் கையில் வளர்த்த ரெய்டர் இல்லை. ஆகவே கிடைக்கும் பெரிய மீனை என்ன விலை என்றாலும் பிடிக்க வேண்டிய கட்டாயம்.

கையில் சரக்கு ஏன் இல்லை என்பதுதான் வட சென்னைக்காரர்கள் கேட்க வேண்டிய கேள்வி. விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் சென்ட்ரல். அங்கிருந்து நடந்தால் பெரியமேடு ஸ்டேடியம். தலைவாஸின் சொந்த மைதானத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் உழைக்கும் மக்கள் பகுதி இது. இங்கே விளையாட்டுக்குப் பஞ்சமில்லை. வியாசர்பாடி ஃபுட்பாலும் வட சென்னை பாக்ஸிங்கும் ஊர் அறிந்தவை. புது வண்ணாரப்பேட்டையின் காசிமா 2024-ல் அமெரிக்காவில் கேரம் உலகப் பட்டத்தை வென்று வந்தார். கபடியும் உண்டு. கோயில் திருவிழாவை ஒட்டி, ஃப்ளட் லைட் கட்டி, மணலைச் சலித்துப் போட்டு, விடிய விடிய நடக்கும் ஆட்டங்கள் இந்தப் பக்கக் குப்பங்களுக்குப் புதிதல்ல.

அந்த ஆட்டங்களிலும் இதே பேரம் சின்ன அளவில் நடக்கும். கோப்பைக்கு ஆசைப்பட்டு வெளியூரிலிருந்து ‘கெஸ்ட் பிளேயர்’ கூட்டிவருவார்கள். வண்டிச் செலவு, சாப்பாடு, கையில் ஒரு தொகை. கெஸ்ட் ஜெயித்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அடுத்த வருஷம் அவர் எதிர் டீமில் நிற்பார். ஊர்ப் பையன் அப்போதும் வெளியில்தான் உட்கார்ந்திருப்பான். அனுபவமுள்ள டீம்கள் இதனாலேயே ஒரு கெஸ்ட்டுக்கு மேல் எடுப்பதில்லை.

தமிழ்நாட்டுக்கு இந்த விளையாட்டில் மரபு இல்லாமல் இல்லை. 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் மணத்தி கணேசன் இருந்தார். தர்மராஜ் சேரலாதன் நாற்பதைத் தாண்டியும் புரோ கபடியில் ஆடினார். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் கண்ணகி நகர் கார்த்திகாவும் வடுவூர் அபினேஷும் தங்கத்தோடு திரும்பியபோது, அரசு ஆளுக்கு 25 லட்சம் பரிசளித்தது. கார்த்திகா வளர்ந்தது நகரத்துக்கு வெளியே தூக்கிப் போடப்பட்ட குடியிருப்பில். அவருக்குக் கிடைத்தது ஒரு பயிற்சியாளரும் ஒரு திடலும். ஆனால் ‘தமிழ்’ என்ற பெயரைச் சுமக்கும் அணியின் முதல் ஏழு பேரில் தமிழ்ப் பெயர்களைத் தேட வேண்டியிருக்கிறது. அபிஷேக் மனோகரன், மாசானமுத்து போல ஒன்றிரண்டு பேர் வந்தார்கள். ரெய்டை முன்னின்று நடத்தும் இடத்துக்கு யாரும் வளர்க்கப்படவில்லை.

இது மொழிப்பற்றை முன்வைத்த புகார் இல்லை. நரேந்தர் ஹரியானாக்காரர், தலைவாஸ் ரசிகர்கள் அவரைக் கொண்டாடத் தயங்கியதே இல்லை. புகார் பணக் கணக்கு பற்றியது. அமெரிக்க ஃபுட்பாலில் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2022 டிராஃப்ட்டின் கடைசி ஆளாக, 262-வது இடத்தில், சான் பிரான்சிஸ்கோ எடுத்த குவார்ட்டர்பேக் பிராக் பர்டி வருஷத்துக்குப் பத்து லட்சம் டாலருக்கும் குறைந்த சம்பளத்தில் அணியை இறுதிப் போட்டிவரை கொண்டுபோனார். அவருக்குக் கொடுக்காமல் மிச்சமான பணத்தில்தான் மற்ற இடங்களுக்கு நட்சத்திரங்கள் வந்தார்கள். 2025-ல் அவர் ஐந்து வருஷத்துக்கு 26.5 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டபோது அந்தச் சலுகைக் காலம் முடிந்தது. மலிவான திறமை கிடைக்கிறவரைதான் விலை உயர்ந்த திறமையை வாங்கும் வசதி. கபடிக்கும் இதே கணக்கு.

தீர்ப்பு

தலைவாஸ் பவனுக்கு அதிகம் கொடுத்ததா? கொடுத்தது. காயம் பட்டதால் இப்படிச் சொல்லவில்லை. அவர் ஒரு சீசன் முழுக்க ஆடி 300 புள்ளி எடுத்திருந்தாலும், 17 பேரை 2.14 கோடியில் அடைத்துவிட்டு நரேந்தர் போல ஒருவர் வானத்திலிருந்து விழுவார் என்று காத்திருந்தது சூதாட்டம்தான். பவனின் திறமைக்கு அந்த விலை தகும். அந்த அணிக்கு அந்த விலை தாங்காது.

அடுத்த ஏலத்துக்கு முன் அணி நிர்வாகம் செய்ய வேண்டியது பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒரு தனி ரெய்டருக்கு 40 சதவிகிதத்துக்கு மேல் போவதில்லை என்று மேஜையில் உட்காருவதற்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ளலாம். அந்தக் கோட்டில் மிச்சமாகும் பணத்தில் திருவொற்றியூர், எண்ணூர், தூத்துக்குடி, வடுவூர், மணத்தி என்று வருஷம் முழுக்க ஆள் பார்க்கும் வேலையைத் தொடங்கலாம். 2.26 கோடியில் அரைக் கோடி அதற்குப் போயிருந்தால், மூன்று வருஷத்தில் தலைவாஸ் ஏல அரங்கில் கைகட்டி நிற்கும் தைரியத்தைச் சம்பாதித்திருக்கும். இப்போதும் கெட்டுப்போகவில்லை. ஆனால் அந்த வேலை சீசன் முடிந்த மறுநாளே தொடங்க வேண்டும். ஏலத் தேதி அறிவித்த பிறகு தொடங்கினால் மறுபடி ஹோட்டல் ஆர்டர் வாங்கி வந்த வியாபாரிதான்.